டம்ப் தண்ணி

கோணிப்பையில் சுற்றி மடியில் வைத்திருந்த அந்த நாயின் கனம் இன்னும் என் தொடையில் இருக்கிறது. ஆட்டோவில் ராபர்ட்சன்பேட்டை கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அதன் வாயில் நுரை. கால்கள் விறைத்து இழுத்தன. பெங்களூர் வேலையை விட்டுவிட்டு, அடிபட்ட நாய்களையும் மாடுகளையும் பராமரிக்கும் இடத்தில் சேரலாமா என்று நான் யோசித்ததைக் கேட்டு, பிள்ளைகளே, நீங்கள் சிரித்தீர்கள். சிரித்துவிட்டு இதையும் படியுங்கள்.

கோரமண்டல் சுரங்கக் குடியிருப்பில், நம் லைனில் எல்லோரும் ஷிப்ட் பாஸ் என்று கூப்பிடும் பெரியவரை உங்களுக்குத் தெரியும். தங்கச் சுரங்கத்தில் ஒரு ஷிப்ட் ஆட்களை மேய்த்தவர். சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, அவர் பட்டத்தை மட்டும் யாரும் மூடவில்லை. மாதா கோயிலில் முதல் பெஞ்சு அவருக்கு. தெருவில் வந்தால் மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டு சலாம் வைப்போம். நானும் வைத்தவன்தான்.

லைனுக்குப் பின்னால் இருக்கும் சயனைடு டம்ப், தங்கம் எடுத்தபின் கொட்டிய மண்மேடு. மழை பெய்தால் அதன் அடியில் விஷத் தண்ணீர் தேங்கும். ஆடு செத்தாலும் நாய் செத்தாலும் "டம்ப் தண்ணி குடிச்சிக்கும்" என்று சொல்லிப் புதைத்துவிடுவது நம் ஜனங்களின் வழக்கம். ஒரே வாக்கியத்தில் கேஸ் முடிந்துவிடும்.

அந்தச் செவலை நாய் யாருடையதும் இல்லை. தினமும் காலையில் பெங்களூர் ரயிலுக்குப் போகும் என்னோடு ஸ்டேஷன் வரைக்கும் வரும். ரயில் நகர்ந்த பிறகுதான் திரும்பிப் போகும். அது சுருண்டு விழுந்த அன்று டாக்டரிடம் நானும் டம்ப் தண்ணி என்றுதான் சொன்னேன். அவர் வெளியூர்க்காரர். கடைசியாக மழை எப்போது பெய்தது என்று கன்னடத்தில் கேட்டார். அப்போது சித்திரை மாசம். டம்பின் அடி காய்ந்து வெடித்துக் கிடந்தது. கறியில் எலி மருந்து கலந்து யாரோ போட்டிருக்கிறார்கள் என்றார். ஊசியை எடுப்பதற்குள் அது செத்துப்போனது.

முந்தின நாள் சாயங்காலம் ஷிப்ட் பாஸ் தெருநாய்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கறி போட்டதை நான் பார்த்திருந்தேன். வாயில்லா ஜீவன் மேல் எவ்வளவு இரக்கம் என்று உங்கள் அம்மா மெச்சிக்கொண்டாள்.

நேரே அவர் வீட்டுக்குப் போனேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம் கறியில் என்ன கலந்தீர்கள் என்று கேட்டேன். இல்லை என்று சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"நாய்க்கா இத்தினி பேச்சு? சுரங்கத்துல கீழ லெவல்ல எத்தினி மனுசன் செத்தான். எவன் கேட்டான்?"

"கேக்க வேண்டிய ஆளு நீங்கதான், பாஸ். அப்ப உங்களுக்கு வாய் வரல. வாலாட்டினு வர்றதப் பாத்ததும் வீரம் வந்துட்சி."

'நீங்க' என்றேன். அது வாய்ப் பழக்கம், மரியாதை இல்லை. அக்கம்பக்கத்தார் வந்து, வுடுப்பா, பெரிய மனுசரு, லைனும் சுத்தமாச்சி என்றார்கள். அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் அதே ஆட்கள், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, செவலை டம்ப் தண்ணி குடித்துச் செத்ததாகப் பேசிக்கொண்டார்கள். விஷம் வைத்தவன் ஒருவன்தான். மூடி போட்டவர்கள் லைன் முழுக்க. அதற்கு முன்னால் செத்த நாய்களுக்கெல்லாம் நானும் அந்த மூடியைப் போட்டவன். அதை நினைத்தால் என் மேலேயே எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

போன வாரம் அதே டாக்டர், தான் போய்ப் பார்க்கும் பங்காருப்பேட்டைக் காப்பகத்துக்கு ஆள் வேண்டும் என்றார். கூண்டு கழுவ வேண்டும், ஊசி போடும்போது பிடித்துக்கொள்ள வேண்டும். ஜனங்கள் சொல்லும் காரணத்தை அப்படியே நம்பாத இந்த ஊர் ஆளாக இருந்தால் நல்லது என்றார். சேதி எப்படியோ லைனுக்குள் வந்துவிட்டது. நேற்று குழாயடியில் நாலு பேர் நிற்கும்போது ஷிப்ட் பாஸ் என்னை நிறுத்தினார்.

"இன்னாப்பா, நாய்ப் பீ அள்ளப் போறியாமே?"

அதுவரைக்கும் நான் முடிவு எடுத்திருக்கவில்லை.

"ஆமாங்க. உங்களுக்கு சலாம் வெச்ச கைதானே, கூசாது."