வெறும் வயிற்று மாத்திரை

என் முட்டியைச் சுற்றி ஏழு ஊசிகளைக் குத்திவிட்டு, அசையக்கூடாது என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா போய்விடுகிறார். ஜெர்மனியில் முட்டிவலி அக்குபங்சருக்கு இன்சூரன்ஸ் உண்டு. "உங்கள் நாட்டு வைத்தியம்தானே?" என்று முதல் நாளே சிரித்தார். சீனா வேறு, சித்தூர் வேறு என்றேன். அதற்கும் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாத்திரை கேட்டால், வயிற்றைக் கெடுக்கும், முதலில் இதைப் பார்ப்போம் என்றார். ஐந்து வாரமாகிறது. வலி போய்விடவில்லை, மாடிப்படி ஏற முடிகிறது, அவ்வளவுதான்.

இதே ஊசியைத்தான் மூன்று வருடத்துக்கு முன் ஊரில் என் அப்பா, நைனா, கேட்டார். சித்தூரில் எங்கள் பழைய மிஷன் சபையில் வெறும் தரையில் முட்டி போட்டுத்தான் ஜெபம். நாற்காலியில் உட்கார்ந்து ஜெபிப்பவர்களை நைனா அரை விசுவாசிகள் என்பார். முட்டி தேய்ந்ததும் போனில் சொன்னார்: "திருப்பதில ஒருத்தர் ஊசி குத்றாராம்மா. ஜனங்க போய்க்கினு இருக்காங்க. நானும் போய்ப் பாக்கட்டா?"

"எல்லாம் ஏமாத்து நைனா. நான் மாத்திரை அனுப்பறேன், போட்டுக்கோ," என்று கத்தினேன். வெளிநாட்டு மாத்திரை என்ற திமிர் எனக்கு.

மாத்திரைக்கு வலி கேட்டது, பொய் சொல்லக்கூடாது. முட்டி இருப்பதே தெரியவில்லை என்று நைனா குதித்தார். ஆனால் விடியற்கால ஜெபம் முடியாமல் அவர் எதையும் சாப்பிடமாட்டார். முட்டி போட மாத்திரை வேண்டும். தினமும் வெறும் வயிற்றில் விழுங்கியிருக்கிறார். சாப்பிட்டபின் போடு என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டப்பாவில் எழுதியிருந்தது, ஜெர்மனில். ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். இனி அந்த மாத்திரையே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். பெட்டி நிறைய மாத்திரை அடுக்கிக்கொண்டு ஊருக்குப் போகும் நம்மவர்களைக் கண்டால் இப்போது அடிக்கத் தோன்றுகிறது. முதல் அடி எனக்கு.

போன வாரம் மறுபடி கேட்டார். "கிறிஸ்மஸ் வருதும்மா. நாற்காலில குந்திக்கினு ஜெபம் பண்ண மானம் போவுது. ஒரே ஒரு டப்பா அனுப்பு."

"வேணாம் நைனா. திருப்பதி ஊசிக்காரர்கிட்ட போ."

"ஏமாத்துன்னு நீதானம்மா சொன்ன?" போனை வைத்துவிட்டார்.

நானே ஊசி குத்திக்கொள்வதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இதோ, எட்டாத நாற்காலியில் என் போன் அடிக்கிறது. திரையில் நைனா. ஏழு ஊசிகளோடு படுத்திருக்கிறேன். நின்று, மறுபடியும் அடிக்கிறது.