அறுபத்துமூன்றில் மூன்று

காந்தாவுக்குள் வஞ்சம் இருந்தது. ஒளிப்பானேன்? பதினோரு வருஷம் அதை அடைகாத்தாள்.

ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் சாமை ஆராய்ச்சிப் பண்ணையில் அவள் எழுத்தர். மலையிலேயே பிறந்து எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். 1972 முதல் மூன்று வருஷம் மழையில் நனைந்து, கதிர் கதிராக அளந்து நோட்டில் எழுதினாள். பேராசிரியர் அருணகிரி அதை அப்படியே தன் கட்டுரையில் அட்டவணையாகப் போட்டுக்கொண்டார்.

"என் பேரு எங்க சார்?" என்று கேட்டாள்.

"சாமை குத்துறவளுக்குக் கட்டுரையில பேரு கேக்குதா?" என்றார், கூலியாட்கள் முன்னால். பாவி மனுஷன், சிரிக்க வேறு செய்தார்.

1986இல் பல்கலைக்கழகம் ஒரு கணக்குக் கேட்டது. ஒவ்வொரு பேராசிரியரும் எத்தனை கட்டுரை எழுதினார்? மற்ற கட்டுரைகளில் அவை எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன? அதை வைத்துத்தான் அடுத்த துறைத் தலைவர். அந்த நாற்காலிக்கு அருணகிரி நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தார். மூன்று மூட்டை ஆய்விதழ்களை ஜீப்பில் அனுப்பி, எண்ணும் வேலையைக் காந்தா தலையில் கட்டினார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

ஒவ்வொரு கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் மேற்கோள் பட்டியலையும் விரல் வைத்துப் படித்தாள். மொத்தம் அறுபத்துமூன்று மேற்கோள். அடேயப்பா, நாயன்மார் கணக்கு! ஆனால் காட்டியது யார்? ஐம்பத்திரண்டு இடத்தில் அருணகிரியை மேற்கோள் காட்டியவர் அருணகிரியேதான். இன்னும் எட்டு, அவருடைய மாணவர்கள். காந்தாவின் ஊர்ப் பஞ்சாயத்தில் தனக்குத் தானே சாட்சி சொன்னால் செல்லாது. பங்காளி சாட்சியும் செல்லாது. அந்த முறைப்படியே கழித்தாள். மிச்சம் மூன்று. மூவரும் வெளிநாட்டுக்காரர்கள். அவர்கள் எடுத்தாண்டதும் அவள் அளந்த அட்டவணையை மட்டும்தான்.

முதல் பக்கத்தில் மொத்தத்தைத் தட்டச்சு செய்தாள். யார் யார் எத்தனை என்ற விவரத்தை இரண்டாம் பக்கத்தில் வைத்தாள். மொத்தத்தைப் பார்த்துப் பூரித்துப்போன அருணகிரி, பக்கத்தைப் புரட்டாமலே கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.

மறுமாதம் ஜீப்பில் பறந்து வந்தார். முகம் பேயறைந்தாற்போல் இருந்தது.

"இன்னா வேலை பண்ணி வெச்சிருக்க! எண்ணினது தப்புன்னு ஒரு கடிதாசி எழுதிக் குடு. பழைய கட்டுரைக்குத் திருத்தம் போட்டு உன் பேரைச் சேத்துடறேன்."

பதினோரு வருஷம் காத்திருந்த பேர்.

"நான் எண்ணினது தப்புன்னா, நான் அளந்ததும் தப்புன்னு ஆயிடும் சார். எழுத மாட்டேங்க. நீங்க போய்ட்டு வாங்க."

நாற்காலி வேறொருவருக்குப் போனது. காந்தாவின் பேர் கடைசிவரை எந்தக் கட்டுரையிலும் வரவில்லை. அதற்காக வருந்தினாளா என்று கேட்பீர்கள். சேதி வந்த அன்று மத்தியானம் களி ஓர் உருண்டை கூடுதலாகச் சாப்பிட்டாள்.