நங்கூரப் புரதமும் அப்பாவின் மாத்திரையும்

இதயத்தை ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு முதல் தலைவலி இதயம் வாங்குவதுதான். வீட்டில் யாருக்கும் புரியாத படிப்பைப் படித்துவிட்டு அவஸ்தைப்படுகிறவர்களே, இது உங்களுக்காக.

முழுசு

பெங்களூரில் எங்கள் ஆய்வகத்துக்கு அவ்வப்போது புதிதாக வெட்டிய ஆட்டின் இதயம் வேண்டும். மாநில எல்லைக்கு இந்தப் பக்கம், மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வீட்டுத் தெருமுனைக் கறிக்கடை பாயிடம் சொல்லிவைத்தேன். முழுசாக வேண்டும், கழுவக்கூடாது, அப்படியே ஐஸில் வைக்க வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். தலையாட்டினார்.

விடிந்ததும் போனால், சுத்தமாகக் கழுவி, துண்டு போட்டு, மஞ்சள்தூள் வேறு தடவி வைத்திருக்கிறார். தெரிந்த வீட்டுப் பெண்ணாம், தனிக் கவனிப்பாம். அன்றைய சோதனை போச்சு. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதில் அவருக்குத்தான் வருத்தம். "முழுசா போட்டா குக்கர்ல வேகாதும்மா, உங்க நல்லதுக்குத்தான செஞ்சேன்?"

அத்திப்பள்ளி நெரிசல்

அடுத்த முறை முழு இதயமே கிடைத்தது. தெர்மாகோல் பெட்டியில் வைத்து பஸ் ஏறினேன். அத்திப்பள்ளியில் வண்டி நகரவே இல்லை. ஐஸ் கரைந்து பெட்டி ஒழுக ஆரம்பித்தது. மீன் என்று நினைத்துக் கண்டக்டர் சண்டைக்கு வந்தார். மீனில்லை, லேபுக்குக் கொண்டுபோகிற ஹார்ட் என்றேன். பக்கத்து சீட் அம்மாள் எழுந்துபோய் நின்றுகொண்டார். ஆட்டினுடையது என்று நான் சொல்வதற்குள் கண்டக்டர் கன்னடமும் தமிழுமாகக் கத்தினார்: "அய்யோ மேடம், பேஷண்ட் அங்க காத்துட்டு இருப்பாரல்லா, ஆம்புலன்ஸ்ல போகாம என் பஸ்ல யாக்கே ஏறினீங்க?"

மெமோ

அப்பா கம்பெனி ஒன்றில் ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவர். இதயம் பலவீனம். அட்ரினலினை அடக்கும் மாத்திரையைத் தினமும் போடச் சொல்லியிருந்தார் டாக்டர். உடம்பு மந்தமாக இருக்கிறதென்று அப்பா அதைத் திடீரென நிறுத்திவிட்டார். அப்படி நிறுத்துவது ஆபத்து.

அவர் பாஷையிலேயே விளக்கினேன். இதயச் செல் ஒரு கம்பெனி ஷெட். கால்சியம் உள்ளே வரும் வாசல்தான் மிஷின். அட்ரினலின் சைரன் அடித்ததும் அதை முடுக்கிவிட ஒரு நொதி, ஆபரேட்டர் மாதிரி, மிஷின் பக்கத்திலேயே நிற்க வேண்டும். அவரை அங்கே பிடித்து நிறுத்துவதுதான் நான் ஆராயும் நங்கூரப் புரதம். பிடி தளர்ந்தால் ஆபரேட்டர் ஷெட்டுக்குள்தான் இருப்பார், மிஷினிடம் இருக்கமாட்டார். வேண்டிய நேரத்தில் துடிப்புக்கு வேகமும் பலமும் கிடைக்காது. நலிந்த இதயத்தில் இந்த ஏற்பாடெல்லாம் குலைந்து கிடக்கும். ஓயாமல் சைரன் அடித்தால் இன்னும் கெடும். மாத்திரை அந்தச் சைரனைத்தான் குறைக்கிறது.

அப்பா குறுக்கே பேசாமல் கேட்டார். எனக்கு நம்பிக்கைகூட வந்துவிட்டது. "எடத்துல நிக்காத ஆபரேட்டருக்கு மெமோ குடு கண்ணு. மாத்திரைய நான் ஏன் முழுங்கணும்?"

ஸ்டாக் இல்லை

சில நாட்களில் அப்பாவுக்குக் கால் வீங்கியது. படுத்தால் மூச்சு வாங்கியதால் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தே தூங்கினார். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். கெஞ்சினேன், சண்டை போட்டேன், அழுதும் பார்த்தேன். செத்துப்போய்விடுவாரோ என்று பயமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை பாய் இதயத்தை வீட்டுக்கே கொண்டுவந்தார். வாசலில் மூச்சிரைக்க உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்து என்னிடம் விவரம் கேட்டார். பிறகு கையிலிருந்த பெட்டியைத் திறந்து அப்பாவிடம் நீட்டினார். "இது எத்தன வேணும்னாலும் உங்க பொண்ணுக்குத் தருவேன் சார். உங்களுக்கு மாத்திப் போட எங்கடையில ஸ்டாக் இல்ல. ஆட்டோ கூப்புடறேன், சட்டையப் போடுங்க."

அப்பா எழுந்துபோய்ச் சட்டையைப் போட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வீக்கம் வடிந்தது, மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப ஆரம்பித்தார்கள். இனிமேல் நிறுத்தமாட்டீர்களே என்று டாக்டர் கேட்டதற்கு, என்னை வைத்துக்கொண்டே அப்பா சொன்னார்: "மாட்டேன் சார். பாய் நல்லா வெளக்கிட்டாரு. எம்பொண்ணு சொன்னா ஒண்ணும் புரியறதில்ல."

அப்பா பிழைத்துவிட்டார், அதனால் இத்தனை வருடப் படிப்பு ஒரு கறிக்கடையிடம் தோற்றதில் எனக்கு வருத்தமே இல்லை என்று தினமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.