கேந்திப்பூவுக்காக வைத்த ஒப்பாரி

புஷ்பலதாவின் தோட்டத்தில் கேந்தி பூத்தால், அதன் மஞ்சள் ரேணிகுண்டாவில் நிற்கிறவர் கண்ணையும் கூசச் செய்யும். சரி, ரேணிகுண்டா கொஞ்சம் அதிகம்தான். பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் தூங்கி வழிகிறவர் விழித்துப் பார்ப்பார். அதற்கு மேல் குறைத்துக்கொள்ள முடியாது.

தோட்டம் ஆவதற்கு முன்னால் அந்த ஏரிக்கரை மூலை குப்பைமேடு. கோழி இறகு, தறிக்கழிவு நூல், ஊரில் எவருக்கும் வேண்டாதது எல்லாம் அங்கே வந்து சேரும். நெய்த லுங்கிக் கட்டைச் சுமந்துகொண்டு அந்த நாற்றத்தில்தான் புஷ்பலதா பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். யார் யாரிடமோ சொல்லிப் பார்த்தாள், எவரும் அசையவில்லை. ஒரு நாள் கடப்பாரையோடு தானே இறங்கிவிட்டாள். எதிரே மெக்கானிக் கடை வைத்திருக்கும் ஜலாலின் மனைவி சர்வர் பேகம், பார்த்துக்கொண்டிருக்கப் பொறுக்காமல் கூடையோடு வந்தாள். நிலக்காரர் பங்காரு வண்டி நிறைய எரு கொட்டினார். அப்புறம் இன்னும் சிலர். சங்கம், தலைவர், ரசீது எதுவும் கிடையாது. ஒரே சட்டம்தான்: ஞாயிற்றுக்கிழமை குடத்தோடு வர வேண்டும், தண்ணீர் ஊற்றாத கை பூவைத் தொடக் கூடாது. ஆடிக் கிருத்திகைக்கு முருகன் மலைக்கு நடந்து போகும் காவடிக்காரர்களுக்கு மட்டும் விலக்கு. கேட்டால் புஷ்பலதாவே பறித்துக் கொடுப்பாள்.

போன ஆடியில் நடந்ததுதான் அக்கிரமம். கிருத்திகைக்கு முந்தின நாள் காலையில் போய்ப் பார்த்தால் பாத்தி முழுக்க மொட்டை. மொக்கைக்கூட விட்டுவைக்கவில்லை, கிளைகள் ஒடிந்து கிடந்தன. மலையில் முடி கொடுக்கிறவர்களாவது தாமாக வேண்டிக்கொண்டு தலையைக் கொடுக்கிறார்கள். இந்தச் செடிகளை யார் கேட்டார்கள்?

பூ போன இடத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை. காவடிக்காரர்களுக்கு மோர் ஊற்றச் செங்கல் சூளை ஜெகநாதன் சாலையில் பந்தல் போட்டிருந்தார். முகப்பில் பேனர். அதன் ஒரு மூலையில் கட்டைவிரல் அளவுக்கு முருகன். நடுவில் பனைமர உயரத்துக்குக் கைகூப்பிய ஜெகநாதன். அவரைச் சுற்றித்தான் அத்தனை கேந்தியும்.

"ஏண்ணா, யாரைக் கேட்டுப் பறிச்சிகினு வந்தீங்க?"

ஜெகநாதன் நாற்காலியை விட்டு எழவில்லை. "சாமி காரியம்மா. பொறம்போக்குல மொளைச்ச பூவுக்கு உங்கிட்ட பட்டா கீதா?"

"சாமியா? சாமி அதோ மூலையில ஒண்டிக்கினு கீறாரு. மாலை உங்க போட்டோவுக்கில்ல போட்டுக்கீது!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அவளைப் பார்த்து. அதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடுப்பு நோகக் குடம் சுமந்தவள் கோமாளி; நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் தர்மவான்! மாலை சூட்டிய அந்தப் படத்தை அவள் நிமிர்ந்து பார்த்தாள். போட்டோ வைத்து மாலை போடுவது யாருக்கு என்று தெரியாத குழந்தை இந்த ஊரில் உண்டா?

வீட்டுக்குப் போய் விளக்கும் ஊதுவத்தியும் எடுத்து வந்தாள். படத்தின் காலடியில் ஏற்றி வைத்தாள். முடியை அவிழ்த்துப் போட்டு, மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சூளை வெச்ச ராசாவே, சொல்லாம போனியே! மோர்ப்பந்தல் போட்டுப்புட்டு மோட்சம் போய்ச் சேந்தியே!"

சர்வர் பேகம் ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு விசும்பினாள். பங்காரு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். நகரிப் பக்கமிருந்து வந்த காவடிக் கூட்டம் அப்படியே நின்றுவிட்டது.

"அய்யோ பாவம், எப்போ போனாரு நைனா?" என்று ஒரு பெரியவர் ஜெகநாதனிடமே கேட்டார்.

"நான்தான்யா அது! உயிரோட கீறேன்!"

யார் நம்புவது? விரதம் இருக்கிறவர்கள் சாவுத் தீட்டுள்ள இடத்தில் மோர் குடிப்பார்களா? காவடிகள் சாலையின் அந்த ஓரமாக ஒதுங்கிப் போயின. மோர் அண்டா அண்டாவாகப் புளித்தது. கடைசியில் ஜெகநாதனே ஏணி போட்டு ஏறி மாலைகளை அறுத்து இறக்கினார், பேனரையும் சுருட்டினார். மன்னிப்பு என்ற சொல் மட்டும் அவர் வாயில் வரவில்லை.

தோட்டத்துக்குக் குடத்தோடு அவர் இன்றுவரை வந்ததும் இல்லை. பறித்துப் போகவும் இல்லை. பாத்தி மறுபடி பூத்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை, புதிதாகச் சேர்ந்த விஜிக்குப் புஷ்பலதா இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டே தண்ணீர் ஊற்றினாள். "நான் வெச்ச ஒப்பாரியில அந்த ஆளே தேம்பித் தேம்பி அழுதுட்டாருன்னா பாத்துக்கோயேன்!"

சர்வர் பேகம் குடத்தை இறக்கி வைத்தாள்.

"அவரு எங்க அழுதாரு அக்கா? ஊதுவத்திப் பொகை கண்ணுல பூந்துச்சு, அவ்ளோதான். அழுதது நீ. அதுவும் பந்தல்ல இல்ல. தீட்டுப் பூ இனிமே எந்தக் காவடிக்கும் ஆகாதுன்னு, அத்தனையும் கொண்டாந்து இந்தச் செடிங்க அடியிலயே கொட்டினியே, அப்போ."