நத்தையின் மூடி

நத்தை என்றால் எல்லாம் ஒன்றுதான் என்பவர்களை எனக்குப் பிடிக்காது. போன விடுமுறையில் அப்படிச் சொன்னவர் எங்கள் தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் மண்டோர். மலேசியாவில், கோலசிலாங்கூர் பக்கம் செம்பனைத் தோட்டம். நான் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்கிறேன். நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலின் நத்தைகள்தான் என் இறுதியாண்டு ஆய்வு.

தஞ்சோங் காராங் வயல்களில் நெற்பயிரைத் தின்று தீர்க்கும் எமாஸ் எனப்படும் தங்க நத்தை தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. எங்கள் வாய்க்காலில் இருப்பது இந்த மண்ணுக்குரியது. இரண்டும் ஒரே குடும்பம், பேரினம் வேறு. இரண்டுக்கும் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. ஓடும் வலப்பக்கமே சுருளும். ஆனால் ஓட்டின் வாயை அடைக்கும் மூடி பொய் சொல்லாது. எமாஸுக்கு அது நகம்போல வளையும், நம்முடையதற்குச் சுண்ணாம்பேறிக் கல்லாக இருக்கும். எங்கள் வீடுகளில் மூடியைக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் கறி வைப்பார்கள். அடையாளமே குப்பைக்குப் போய்விடுகிறது. அப்புறம் தட்டில் பார்ப்பவருக்கு எல்லாம் ஒன்றுதான்.

அன்று மண்டோர் நத்தைகளைக் கொல்லும் மருந்து டின்னோடு வந்தார். "எமாஸ் நத்த பெருகிப்போச்சாம். ஆபீஸ்ல ஊத்தச் சொல்லிட்டாங்க."

"இது எமாஸ் இல்ல மாமா," என்று ஒரு நத்தையை எடுத்து நீட்டினேன். கட்டைவிரல் நகத்தால் மூடியை அழுத்தினார். வளையவில்லை. அவருக்குப் புரிந்தது முகத்திலேயே தெரிந்தது.

"நத்தன்னா நத்ததான் லா. சொன்ன வேலைய நான் செய்யணும். நவுரும்மா."

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. பட்டணத்தில் எங்களையும் இப்படித்தான் 'எஸ்டேட் ஆளுங்க' என்று ஒரே குவியலாகத் தள்ளுவார்கள். செருப்பை உதறிவிட்டு வாய்க்காலில் இறங்கினேன்.

"இப்ப ஊத்துங்க."

சத்தம் கேட்டு அம்மா ஓடிவந்தாள். மண்டோரைப் பகைத்துக்கொள்ளாதே, வீடு தோட்டத்துடையது, ஒரு வார்த்தையில் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள் என்று காலையில்தான் சொல்லியிருந்தாள். கையைப் பிடித்து இழுக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் இறங்கி நின்றாள்.

"ஏண்ணே, போன ஞாயித்துக்கெழம எங்க வீட்டுல நத்தக்கறிய ரெண்டாவது தடவ கேட்டு வாங்கிச் சாப்ட்டீங்களே, அது எங்க புடிச்சதுன்னு நெனச்சீங்க?"

மண்டோர் டின்னை மோட்டார் சைக்கிளில் கட்டினார்.

"நான் போனாலும் நாளைக்கு வேற ஆள அனுப்புவாங்க," என்றார்.

"அனுப்பட்டும்," என்றாள் அம்மா. "எங்க ரெண்டு பேரு மேல ஊத்திட்டுப் போகட்டும்."