ஸ்பிரிங்மேல் தப்பில்லை

எனக்கு ஸ்பிரிங் என்றால் உயிர். ஒரகடத்தில் கார்களுக்கு ஸ்பிரிங் செய்யும் கம்பெனியில் டெஸ்டிங் லேபைப் பல வருடம் கட்டி மேய்த்தவள் நான். அதனால்தான் ஒரு வக்கீல் என்னைத் தேடி வந்தார். தண்டலம் தாண்டி, கட்டம் கட்டமாக ஸ்பிரிங் விரிப்புப் போட்டு ஆட்களைக் குதிக்க விடும் ஹைவே ஓரத்து டிராம்போலின் பார்க் ஒன்றில் பென்னலூர்ப் பெண் ஒருத்திக்குக் கால் முறிந்துவிட்டது. வேறொரு கம்பெனியில் நாள் முழுக்க நின்றபடி வேலை பார்த்தவள். இப்போது நிற்க முடியாது, வேலையும் போய்விட்டது. அவளுக்காக நுகர்வோர் கோர்ட்டில் பார்க்மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட்டிருந்தவர் இவர்தான்.

"ஸ்பிரிங்கெல்லாம் இத்துப் போச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும் மேடம், கேஸ் நம்ம பக்கம்" என்றார் வக்கீல்.

பார்க்காமல் எப்படிச் சொல்வது? கோர்ட் அனுமதியோடு போய் ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் இழுத்துப் பார்த்தேன். துரு இல்லை, தளர்ச்சி இல்லை. எங்கள் லேபுக்கு வந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பாஸ் போட்டிருப்பேன். அதைச் சொன்னதும் வக்கீலுக்கு முகம் செத்துவிட்டது.

"இன்னா மேடம், நம்ம காலையே வாரிட்டீங்களே!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இல்லாததைச் சொல்றதுக்கு வேற ஆளைப் பாருங்க சார். முதல்ல அந்தப் பார்க்கோட கேமராப் பதிவை வாங்கிக் குடுங்க."

பதிவு வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். 'ஒரு கட்டத்தில் ஒருவர் மட்டும்' என்று சுவரில் கொட்டை எழுத்தில் பலகை. அதற்குக் கீழேயே பார்க் ஊழியர் ஒருவர், ஷேர் ஆட்டோவில் ஆள் அடைப்பதுபோல், கட்டத்துக்கு இரண்டு பேராக ஏற்றிக்கொண்டிருந்தார். இந்தப் பெண் ஈர்க்குச்சி. அவளோடு ஏறியவர் முன்பின் தெரியாத கனத்த ஆசாமி. அவள் கால் முறிந்த அந்த ஒரு நொடியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அடப்பாவிகளா என்று வாய்விட்டே சொன்னேன். நான் கண்டதைக் கேட்டதும் வக்கீல் என்னையே சாட்சி சொல்லக் கூப்பிட்டார்.

விசாரணை அன்று அவள் ஊன்றுகோலோடு வெளியே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அம்மா புலம்பிக்கொண்டிருந்தார். "லீவுன்னா வூட்ல கெடக்கலாமில்ல? வயசுப் பொண்ணுக்கு இன்னா ஆட்டம் வேண்டிக் கீது? ஆடிட்டு வந்து குந்திக்கினா."

கூண்டில் ஏறினேன். பார்க் தரப்பு வக்கீல் சிரித்துக்கொண்டே எழுந்தார்.

"ஸ்பிரிங் எல்லாம் நல்லா இருந்துச்சா மேடம்?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு சார்."

"அப்போ அந்தப் பொண்ணு தாறுமாறா ஆடி விழுந்ததுதானே?"

"அந்தப் பொண்ணு விழவே இல்ல சார். விரிப்புல கால் பட்ட நொடியிலயே உடைஞ்சிருக்கு."

அவர் சிரிப்பு நின்றது. நான் நிறுத்தவில்லை. "கனமான ஆள் குதிச்சாரு, விரிப்பு நல்லா கீழ போச்சு. ஸ்பிரிங் நல்ல ஸ்பிரிங், அதனால வாங்குன வேகத்தை அப்படியே திருப்பிக் குடுத்துடுச்சு. விரிப்பு மேல வர்ற நேரம் பார்த்து இந்தப் பொண்ணு கால் கீழ எறங்குது. ரெண்டும் நேருக்கு நேர் மோதிக்கிச்சு. தனியா குதிச்சிருந்தா ஒண்ணும் ஆகியிருக்காது. ரெண்டு பேரை ஏத்தி விட்டாங்க பாருங்க, அதான் தப்பு."

"நீங்க எத்தனை தடவை டிராம்போலின்ல குதிச்சிருக்கீங்க?"

"ஒரு தடவைகூட இல்ல. கார் ஸ்பிரிங்கை டெஸ்ட் பண்ண நான் காருக்கு அடியில போய்ப் படுக்கிறதும் இல்ல."

நீதிபதிக்கே சிரிப்பு வந்துவிட்டது. பதிவை இன்னொரு முறை போடச் சொல்லிப் பார்த்தார். உத்தரவு பிறகு வரும் என்றார்கள். எப்படி வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வெளியே வந்ததும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மேடம், அப்போ எம்பொண்ணு ஆட்டம் போட்டு ஒடைச்சிக்கலியா?"

"இல்லம்மா. உங்க பொண்ணு ஒழுங்காத்தான் குதிச்சுது. தரைதான் மேல வந்து அடிச்சிருக்கு."

அந்தப் பெண் சட்டென்று அம்மா பக்கம் திரும்பினாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"கேட்டியாம்மா? ஆஸ்பத்திரில கண்ணு முயிச்சதுலேர்ந்து இத்தான் சொல்லிக்கினு கீறேன். தரை மேல வந்துச்சும்மான்னு. ஊரே சிரிச்சுது. நீயாவது நம்பியிருக்கலாமில்ல?"