மழை நாளில் பூட்டிய கடை

தெஹியோவிட்ட கடைத்தெருவில் நானும் மச்சானும் கூட்டாக நடத்திய தேத்தண்ணிக் கடையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

சுற்றிலும் இறப்பர் தோட்டங்கள். மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது. நான் சரக்கெடுக்க அவிசாவளைக்குப் போகும் நாளில் மழை பெய்துவிட்டால், மச்சான் கடையைத் திறக்கவே மாட்டான். "மழையில பால் வெட்டு கெடையாது. எவன் வரப்போறான்?" என்று இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவான்.

வேலை இல்லையென்று, காலையில் பேர் பதியும் பெரட்டுக்களத்திலிருந்து திருப்பி அனுப்பிய சனமெல்லாம் அன்றைக்குத்தான் நனைந்துகொண்டு கடைத்தெருவுக்கு இறங்கி வரும். எங்கள் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு எதிர்க்கடைக்குப் போகும். பிறகு வெயில் நாளிலும் அங்கேயே போக ஆரம்பித்துவிட்டது.

பால் வெட்டும் பெண் ஒருத்தியை மறித்து, "என்னக்கா, நம்ம கடைய மறந்துட்டீங்களா?" என்று கேட்டேன்.

"அங்க எப்ப போனாலும் அடுப்பு எரியுதுங்க. இங்க தொறந்திருக்கான்னு பாத்துட்டுல்ல வரணும்?" என்றாள்.

செருப்பால் அடித்தாற்போல் இருந்தது.

கடையை மூடினோம். மச்சானோ, "கண்ணு பட்டுப்போச்சு" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். பூட்டிக் கிடந்த கடைக்கு எவனடா கண் வைப்பான்?